பாவாயி ஊற்றிய நூறு மருது

வன இலாகாவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து எனக்கு எழுதியிருக்கிறீர்கள். ஓடைக்கரையில் நீர்மருது வளர்க்கச் சொல்லி உங்களுக்கு உத்தரவு வந்திருக்கிறதாம். "அந்தக் காலத்தில் வெண்ணந்தூர்ப் பக்கம் ஓடைக்கரை நெடுக மருது வைத்தவர் நீங்கள்தான் என்று கேள்விப்பட்டோம், உங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விப்பட்டதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் திருத்தத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விதையை எப்போது பொறுக்குவது, எத்தனை நாள் ஊறப்போடுவது, குழி எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் உங்கள் ஆபீஸ் பீரோவிலேயே இருக்கும். கரையான் மிச்சம் வைத்திருந்தால் எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். பீரோவில் இல்லாத ஒன்றை மட்டும் நான் சொல்கிறேன். இதை என் வீட்டிலேயே முழுதாகச் சொன்னதில்லை.

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எனக்கு இருபத்து மூன்று வயது. பாரஸ்டர் வேலை கிடைத்திருந்தது, ஆனால் நிரந்தரம் ஆகவில்லை. நான் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். வெண்ணந்தூர்ப் பேச்சு எனக்குப் புதுசு. எதற்கும் ஒரு 'ங்க' ஒட்டுவார்கள். என்னைவிட மூத்தவர்கள்கூட என்னைச் சாமி என்பார்கள். குழந்தையையும் அங்கே சாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பது புரியும் வரை எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

போதமலையிலிருந்து இறங்கி வரும் ஓடை ஒன்று அந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகும். கோடையில் வெறும் மணல். மழைக்காலத்தில் இரண்டே நாள் வெள்ளம் வரும், அந்த இரண்டு நாளில் கரையைக் கடித்துத் தின்றுவிட்டுப் போய்விடும். கரையை ஒட்டித்தான் நெசவாளர்களின் பாவடி இருந்தது. தறிக்குப் போகும் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு ஆற்றுகிற பொட்டல் அது. ஒவ்வொரு வெள்ளத்திலும் பாவடி இரண்டு முழம் சுருங்கியது. கரையைப் பிடித்து நிறுத்த மருது வேண்டும், பாவுக்கு நிழலும் ஆகும் என்று முடிவாகி, முந்நூறு கன்று என் பொறுப்பில் வந்தது. ஐப்பசியில் நட்டோம். கோடையில் தண்ணீர் ஊற்ற மூன்று பெண்கள், ஆளுக்கு நூறு செடி. ஓடை மணலில் ஊற்றுக்குழி தோண்டி, அதில் சுரக்கும் தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊற்ற வேண்டும்.

பாவடியை ஒட்டிய கடைசி நூறு பாவாயியுடையது. அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். அவள் புருஷன் அணை வேலைக்கு மேட்டூர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. "நீயும் போகலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆளில்லாத மண்ணூடு ஒரு மழைக்குத் தாங்காதுங்க சாமி. நான் இங்க இருந்து வெளக்கேத்துனாத்தான் ஊடு நிக்கும். இந்தத் தண்ணி ஊத்தற வேலையும், பாவடிக்குக் கஞ்சித் தண்ணி கொண்டுபோற வேலையும் இருக்கறவரைக்கும் நான் எங்கியும் போகமாட்டனுங்க" என்றாள்.

இப்போது எங்கள் ரேஞ்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேர்மையான மனிதர், முன்கோபி. தோட்டத்தைப் பார்க்க அவர் வைத்திருந்த வழி ஒன்றே ஒன்று. செடியின் அடியில் மேல்மண்ணைப் பூட்ஸ் முனையால் ஒரு தட்டுத் தட்டுவார். மண் ஒட்டினால் சரி. தூசி எழும்பினால் தொலைந்தோம். அந்தப் பூட்ஸுக்குப் பயந்தே சரகம் முழுக்க எல்லோரும் தினமும் மேல்மண்ணை நனைத்து வைப்போம். செடிக்கு ஊற்றினோமா, பூட்ஸுக்கு ஊற்றினோமா என்று கேட்டால் பூட்ஸுக்குத்தான்.

மாசி முடிகிற நேரத்தில் பாவாயி வந்து நின்றாள்.

"ஏனுங் சாமி, தெனமும் இப்படி மேலாப்புல நனச்சா வேரு மேலயே படுத்துக்குமுங்க. கீழ எறங்கோணும்னு அதுக்கென்ன தலையெழுத்து?"

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

"செடிக்கு ஒரு சாண் தள்ளிக் கடப்பாறையில ஆழமாக் குத்தி, அந்தக் குழிக்குள்ள ஊத்தோணுமுங்க. ஊத்திப்போட்டு மேல ஒரு கல்லை வெச்சு மூடிப்போடோணும். நாலு நாளைக்கு ஒருக்கா ஊத்துனாப் போதும். எங்கூட்டு எலுமிச்சைக்கு அப்படித்தானுங்க ஊத்துனேன்."

"மேல்மண்ணு காஞ்சு கெடக்குமேம்மா. ரேஞ்சர் பார்த்தா?"

"காஞ்சா என்னுங்க? செடி மேல்மண்ணுலயா குடியிருக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னதில் நியாயம் இருப்பதும் தெரிந்தது. மருது ஈரத்தைத் தேடி ஓடைக்கரையில் நிற்கிற மரம். தண்ணீரை வாயிலேயே கொண்டுபோய் ஊட்டினால் அது எதற்குத் தேடும்? "சரி, உன் நூறு செடிக்கு மட்டும் அப்படிச் செஞ்சு பாரு. ரேஞ்சர் வந்தா நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

இந்தக் கடைசி இரண்டு வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரையில் ஒரு காலை எட்டு மணி இருக்கும். ரேஞ்சர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். வேறெங்கோ ஒரு தோட்டம் தீயில் போயிருந்தது, அந்தக் கோபம் முகத்திலேயே இருந்தது. முதல் நூறில் பூட்ஸால் தட்டினார், மண் ஒட்டியது. இரண்டாவது நூறிலும் ஒட்டியது. பாவாயியின் எல்லையில் தட்டியதும் புஸ்ஸென்று தூசி கிளம்பி அவருடைய கால்சட்டை வரை ஏறியது. பக்கத்தில் பாவடியில் பாவு இழுத்துக் கட்டி முப்பது நாற்பது பேர் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யார் இங்க தண்ணி ஊத்தறது?"

பாவாயி இடுப்புக் குடத்தோடு முன்னால் வந்தாள். "நானுங்க சாமி."

"ஊத்தி எத்தனை நாளாச்சு?"

"மூணு நாளாச்சுங்க" என்றாள், ஒளிவு மறைவு இல்லாமல். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொல்லிக்கொள்வேன் என்ற நம்பிக்கையில் பார்த்தாள்.

ரேஞ்சரும் என் பக்கம் திரும்பினார். "மூணு நாளா ஊத்தலையாம். உனக்குத் தெரியுமாய்யா?"

கல்லைத் தூக்கிக் காட்டினால் போதும். குழிக்குள் கையை விட்டு ஈர மண்ணை எடுத்து நீட்டினால் போதும். அதற்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு அந்த நேரத்தில் மனசில் இருந்ததெல்லாம் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்பது மட்டும்தான்.

"தெரியாதுங்கய்யா. ஊத்தறதாத்தான் என்கிட்ட சொல்லிட்டிருந்தா" என்றேன்.

நீங்கதானே செய்யச் சொன்னீங்க என்று பாவாயி கேட்டிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். குடத்தை இறக்கி என் காலடியில் கவிழ்த்து வைத்தாள். "குடம் உங்களுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதோடு முடிந்திருந்தால் ஒரு வேலை போனது என்று இருந்திருக்கும். பாவடியில் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள் அல்லவா? தண்ணீர் பஞ்சமான ஊரில், ஊற்றாமல் ஊற்றினேன் என்று சொன்னவள் என்ற பெயர் மற்ற எந்தப் பெயரையும்விடக் கெட்டது. ரெண்டு நாளில் பாவடிப் பெரியவர் ஆளனுப்பிச் சொல்லிவிட்டார்: "அந்தக் கையி நம்ம பாவுக்கு வேண்டாம்." அடுத்த வாரம் பாவாயி வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்டூருக்குப் போய்விட்டாள் என்று மற்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் காதில் விழாதவன் போல இருந்தேன்.

வைகாசியில் ஊற்றுக்குழி வற்றியது. எட்டு முழம் தோண்டியும் மணல்தான் வந்தது. பதினோரு நாள் ஒரு சொட்டு ஊற்ற முடியவில்லை. நாலாம் நாள் முதல் நூறில் இலை சுருண்டது, இரண்டாம் நூறும் பின்னாலேயே போயிற்று. பதினோராம் நாள் இருநூறும் விறகுக் குச்சியாக நின்றன. பாவாயியின் நூறில் இலை கொஞ்சம் வாடியது, அவ்வளவுதான். செத்ததில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டு விரல் இழுப்புக்கே வந்துவிட்டது, வேர் முழுக்க மேல்மண்ணில் கொசகொசவென்று சுருண்டிருந்தது. பாவாயி செடி ஒன்றைச் சுற்றித் தோண்டினேன். முழங்கை ஆழம் போயும் வேரின் முனை அகப்படவில்லை. மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன்.

ஆனியில் ரேஞ்சர் வந்தார். செத்ததைப் பார்த்துத் திட்டிவிட்டு, பிழைத்ததைப் பார்த்து வியந்துபோய்க் கேட்டார்: "இது மட்டும் எப்படிய்யா நின்னுச்சு?" கடவுள் இரண்டாம் தடவையும் கேள்வி கேட்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தப்பிக்க ஒரு பதில்தான் தோன்றியது. "தாழ்வான இடமுங்கய்யா, அடியில ஈரம் இருக்கும்" என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பொய் சொல்வது ஒவ்வொரு தடவையும் கஷ்டம் என்று நினைப்பீர்கள். இல்லை, இரண்டாவது சுலபமாகவே வந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை கரையைப் பார்க்கப் போனேன். பாவாயியின் நூறும் வெள்ளத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன, ஒன்றும் போகவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு ஊருக்குள் திரும்பி வரும்போது அவள் வீட்டைப் பார்த்தேன். கூரை தரையில் உட்கார்ந்திருந்தது. சுவர் கரைந்து தெருவுக்குச் சேறாக வந்திருந்தது. அந்த எலுமிச்சை மட்டும் நிமிர்ந்து நின்றது, அதன் அடியில் ஒரு கல்.

நனைந்த துணியோடு ராசிபுரத்துக்கு நடந்தேன். ரேஞ்சர் ஆபீசில் தனியாக இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டார்:

"அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

யோசித்துப் பார்த்தேன். "திட்டியிருப்பீங்கய்யா."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாங்கய்யா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என் பூட்ஸ் மேல பழி போட்டுத் தப்பிக்கலாம்னு பார்க்காதே. அது என் தப்பு, அதை நான் பார்த்துக்கிறேன். நீ மேட்டூர் போ. கடிதாசி எல்லாம் வேண்டாம், நேரில் போ" என்றார். என் வேலை நிரந்தரம் ஆவதை ஒரு வருஷம் தள்ளி எழுதினார். எனக்கு அது குறைவாகவே பட்டது.

ஜலகண்டாபுரம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஒரு கட்டை வண்டியில் தொற்றிக்கொண்டு மேட்டூர் போனேன். அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில் அவளைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. சல்லிக்கல் கூடை தூக்கும் வரிசையில் இருந்தாள். கை விரல்களில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்தும் வரிசையை விட்டு விலகவில்லை. அவள் நடக்க, நானும் பக்கத்தில் நடந்துகொண்டே சொன்னேன். செடி பிழைத்ததைச் சொன்னேன். வீடு விழுந்ததையும் சொன்னேன். அப்போது மட்டும் ஒரு கணம் நின்றாள், கூடை தலையில் இருக்க.

"தப்பு என்னுதும்மா" என்றேன்.

"நீங்க சொல்லிக்கிறேன்னீங்க. அதனாலதான் நான் வாயே தொறக்கலீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"மன்னிச்சுக்கம்மா."

"ஊத்தாதவள்னு அத்தன பேரு முன்னால ஆச்சுங்க சாமி. இங்க வந்து என்ற காதுக்குள்ள சொன்னா எப்படிங்க? பாவடியில சொல்லோணும். பாவு இழுத்துக் கட்டியிருக்கறப்பச் சொல்லோணும். அப்பத்தான் ஒருத்தரும் எந்திரிச்சுப் போக முடியாது."

உங்களுக்குப் பாவடி பழக்கம் இல்லையென்றால் இது புரியாது. கஞ்சி போட்ட பாவை, காய்வதற்குள் இரண்டு பக்கமும் ஆள் நின்று பிரஷ் போட்டு முடிக்க வேண்டும். நடுவில் ஒருவர் கையை எடுத்தாலும் நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே பாவு முடியும் வரை யாரும் நகர மாட்டார்கள். என்னை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கார்த்திகையில், வெயில் வந்த ஒரு காலை, அவள் வந்தாள். அதே எட்டு மணி. பாவடியின் ஓரத்தில் தள்ளி நின்றுகொண்டாள். ரேஞ்சரும் வந்திருந்தார், நான் கூப்பிடவில்லை. பாவின் ஒரு முனையில் நின்று பேச ஆரம்பித்தேன். வேலை நிரந்தரம் ஆகாத நிலைமை, அன்றைய சூழ்நிலை, பயம் என்று என்னென்னவோ சேர்த்துச் சொன்னேன். பாவடிப் பெரியவர் பிரஷ்ஷை நிறுத்தாமலே சொன்னார்: "சத்தமாச் சொல்லுங்க சாமி. அந்தக் கோடிக்குக் கேக்கல."

பாவு எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பத்தடி நடந்து மறுபடி சொன்னேன். இன்னும் நடந்து மறுபடி சொன்னேன். நிலைமையும் சூழ்நிலையும் ஒவ்வொன்றாக வழியிலேயே உதிர்ந்தன. நாலாவது தடவை, கடைசி முனையில், என்னிடம் இவ்வளவுதான் மிஞ்சியது: "பாவாயி ஊத்துனா. குழிக்குள்ள ஊத்த நான்தான் சரின்னு சொன்னேன். ரேஞ்சர் கேட்டப்பப் பொய் சொன்னேன்."

பிரஷ் போகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பெரியவர் தலையை நிமிர்த்தி, "பாவாயி, நாளையில இருந்து கஞ்சித் தண்ணிக்கு வந்துரு சாமி" என்றார்.

"ஊடில்லீங்களே" என்றாள் அவள்.

கிளம்புமுன் கரைக்குப் போனாள். நானும் ரேஞ்சரும் பின்னால் போனோம். ஒரு செடியின் பக்கத்துக் கல்லைத் தூக்கி, குழிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தாள். ரேஞ்சர் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் குந்தினார். அவரும் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். அவர் மண்ணைக் கால் முனையால் தட்டுவதை அதற்கப்புறம் நான் பார்த்ததே இல்லை.

"வர்ற கோடைக்கு இதே மாதிரி ஊத்தறோம்மா" என்றேன்.

"இதுகளுக்கு இனி வேண்டாமுங்க. தண்ணி எங்கிருக்குதுன்னு கண்டுக்கிச்சு. புதுசா வெக்கிற எரநூறுக்கு ஊத்துங்க" என்றாள். பிறகு, "வாரனுங்க சாமி" என்று சொல்லிவிட்டு மேட்டூருக்கே திரும்பிப் போனாள். அணை முடிந்தபிறகு அந்தக் குடும்பம் எங்கே போனது என்று நான் எத்தனையோ பேரிடம் விசாரித்தேன். தெரியவில்லை.

புது இருநூறையும் குழிக்குள் ஊற்றித்தான் வளர்த்தோம். நாற்பதுகளில் ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். கரை அப்படியே நின்றது. மருது நிழலில் பாவு இழுத்துக் கட்டியிருந்தார்கள், வெயில் ஏறியும் அவசரமில்லாமல் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. "நல்ல மரமா இருக்கே, யார் வெச்சது?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"இதுங்களா? பாரஸ்டர் மரமுங்க. முன்ன ஒரு பாரஸ்டர் வெச்சாராம்" என்றார் அவர்.

நாலு தடவை சத்தமாகச் சொன்னது பத்து வருஷம்கூடத் தாங்கவில்லை. அன்றைக்கு மறுபடி சொன்னேன். அதற்குப் பிறகு போகும்போதெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அதுவும் போதவில்லை என்று தெரிகிறது. இப்போது எனக்கு அவ்வளவு தூரம் போக முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

மருது வைப்பதற்கு முன்னால் அந்தக் கரையை ஒருமுறை போய்ப் பாருங்கள். பாவடியை ஒட்டிய கடைசி நூறு மரத்தடியில் நில்லுங்கள். அங்கே யாராவது இது பாரஸ்டர் மரம் என்று சொன்னால், இல்லை, பாவாயி ஊற்றிய மரம் என்று சொல்லுங்கள். தள்ளி நிற்பவருக்குக் கேட்கவில்லை என்றால் நடந்து போய்ச் சொல்லுங்கள். நான் சொல்லிக்கிறேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். என்னால் முடிந்தவரை சொல்லிவிட்டேன்.